கையில் தராத சாவி

1

போன சனிக்கிழமை என் மகள் நிலா கார் ஓட்டும் பரீட்சையில் தேறிவிட்டாள். ஹாலிஃபாக்ஸில் அந்தப் பரீட்சை வரைக்கும் போய்ச் சேருவதே பெரும்பாடு. இணையத்தில் படிவம் நிரப்பி, நாள் பிடித்து, அந்த நாளில் பனி கொட்டி ரத்தாகி, மறுபடி நாள் பிடித்து, பிறப்புச் சான்றிதழில் அப்பன் பெயர் முன்னால் இருக்கிறதே, குடும்பப் பெயர் எது என்று ஒரு அம்மாள் கேட்டு, அதற்கு நான் அரை மணி நேரம் விளக்கம் சொல்லி... கனடாவுக்கு வந்து இருபது வருடமாகிறது, இந்த ஒரு விளக்கத்தை மட்டும் நான் சொல்லி முடித்தபாடில்லை.

தேறிய காகிதத்தை ஆட்டிக்கொண்டே வெளியே வந்தவள் உள்ளங்கையை நீட்டினாள்.

"சாவி, அம்மா."

நான் கொடுக்கவில்லை. காரைத் திறந்து, சாவியை அதன் துளையில் செருகிவிட்டு, சுற்றிக்கொண்டு போய் மறுபக்க இருக்கையில் உட்கார்ந்தேன். அவள் நீட்டிய கை நீட்டியபடி நின்றாள்.

"கையில் கொடுத்தால் என்ன?" இதை ஆங்கிலத்தில்தான் கேட்டாள். பதினேழு வயசில் அவளிடம் மிச்சமிருக்கும் தமிழ் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும்தான் போதும்.

"நம்ம வீட்டுல கையில குடுக்கறது இல்லை. அது அப்புச்சியோட பழக்கம்." என் அப்பாவை அவள் அப்புச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"உங்க ஊர்ல எல்லாமே விசித்திரம்" என்றபடி ஏறி உட்கார்ந்தாள். உங்கள் ஊராம்! எனக்குச் சுருக்கென்றது. ஆனால் முதல் நாள் வண்டியில் ஏறுகிறவளிடம் சண்டை போட எனக்குத் தைரியம் இல்லை. ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்ததைத் தோழிகளுக்கு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தச் சாவி விஷயத்திலிருந்தே ஆரம்பித்துவிடுகிறேன்.

2

என் அப்பா நாற்பது வருடம் லாரி ஓட்டியவர். ஊர் வெண்ணந்தூர். ராசிபுரம் பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னால் நாமக்கல்காரர்களுக்குப் புரியும், மற்றவர்களுக்குச் சேலம் என்று சொல்லிவிட்டு விட்டுவிடுவேன்.

தூரத்து லோடுக்குப் போகிற வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருப்பார்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் தூங்குவார். ஆள் மாறும்போது சாவியை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார்கள். சாவி வண்டியிலேயே இருக்கும். இவர் இறங்குவார், அவர் ஏறுவார். கைக்குக் கை சாவி மாறுவது இரண்டே தடவைதான். வேலைக்குச் சேர்கிற அன்று முதலாளி டிரைவர் கையில் கொடுப்பார். வேலையை விட்டு நிற்கிற அன்று டிரைவர் முதலாளி கையில் கொடுப்பார். நடுவில் யாராவது மறந்துபோய்ச் சாவியை நீட்டினால், "ஏனுங்க, என்னைய ஊட்டுக்கு அனுப்பறீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார்களாம்.

அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயதானபோது சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை என்று அம்மா போனில் சொன்னாள். மூன்றாம் மாதம் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். அதையும் லாரி மாதிரியே ஓட்டுவார். டீ குடிக்க நிறுத்தினால்கூடச் சுற்றி வந்து நாலு டயரையும் ஒரு கட்டையால் தட்டிக் காற்று இருக்கிறதா என்று பார்ப்பார். கார் டயரைத் தட்டுகிற மனுஷன் அந்த ஜில்லாவிலேயே அவர் ஒருத்தர்தான் என்று அம்மா கேலி செய்வாள். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது.

போன கார்த்திகையில் தம்பி செந்தில் கூப்பிட்டான். அவன் தறி போட்டிருக்கிறான், அப்பாவோடு அதே வீட்டில் இருக்கிறான்.

"அக்கா, ஏரிக்கரை வளைவுல அப்பா ஒரு புள்ளையத் தட்டிட்டாரு. ஸ்கூட்டில போன புள்ள. முட்டி தேஞ்சதோட போச்சு, சாமி புண்ணியம். கேட்டா அந்தப் புள்ள குறுக்க வந்திருச்சுன்னு சொல்றாரு. அது குறுக்க வரலைக்கா. நாலு பேரு பாத்திருக்காங்க."

"லைசென்ஸ் புதுப்பிக்கறப்ப கண்ணு பாக்கலையாடா?"

"தெரிஞ்ச டாக்டருதான், மூஞ்சியப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாரு. நான் சொன்னா, 'நேத்துப் பொறந்தவன் எனக்குச் சொல்றியா'ங்கறாரு. நீ சொன்னா கேப்பாரு. வந்து சாவிய வாங்கிக் குடுத்துட்டுப் போ. அடுத்த தடவ முட்டியோட போவாது."

என் பக்கத்து வீட்டுக் கிழவருக்கு இங்கே அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. டாக்டர் எழுதி அனுப்பிவிட்டார், இனி நீங்கள் ஓட்டக்கூடாது, அவ்வளவுதான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் கார் பனிக்குள் புதைந்து கிடந்தது. இரக்கமே இல்லாத ஊர் என்று அன்று திட்டினேன். இப்போது அந்த வேலையைச் செய்ய நானே இருபது மணி நேரம் விமானத்தில் போக வேண்டியதாயிற்று. தை மாதம் கிளம்பினேன்.

3

வீட்டில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, "அப்பா, கடற்கரைப் பக்கமா ஒரு சுத்துப் போயிட்டு வரலாமுங்களா? கோட்டை, கோயில் எல்லாம் பாத்துட்டு, மீன் தின்னுட்டு, மெதுவா" என்று கேட்டேன். வழியில் எங்காவது சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு.

"போலாமே! நீ ஓட்டறியா?"

"ஓட்டறனுங்ப்பா." வெளிநாட்டு உரிமத்தோடு இந்தியாவில் ஓட்ட ஒரு அனுமதிப் புத்தகம் வேண்டும். போட்டோ ஒட்டி முத்திரை குத்தி வாங்கி வந்திருந்தேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எந்தப் பக்கம் ஓட்டோணும்னு எழுதியிருக்குதா?" என்று கேட்டார். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன்.

வெடியால, இருட்டு பிரியுமுன் கிளம்பி ஆத்தூர், சின்னசேலம், உளுந்தூர்ப்பேட்டை, விருத்தாசலம் என்று போனோம். முதல் பாதி அவர், பிறகு நான். மாறும்போது சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி, டயரைத் தட்டிவிட்டு, சுற்றி வந்து உட்கார்ந்தார். அவர் ஓட்டியபோது நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் ஓட்டினார். நாலு வழிச் சாலையில் யாரும் நன்றாகத்தான் ஓட்டுவார்கள்.

டீக்கடையில் டம்ளரை வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ்" என்றேன். தண்ணீர் கொடுத்ததற்கும் "தேங்க்ஸ்." கடைக்காரர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "அவ அப்படித்தான் சொல்லுவா, நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்று அப்பா சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

அவருக்கு இந்தக் கரை முழுக்கத் தெரியும், ஆனால் லோடாகத் தெரியும். பரங்கிப்பேட்டை என்றால் எடைமேடை. நாகப்பட்டினம் என்றால் டயர் வெடித்த இடம். வேதாரண்யம் என்றால் உப்பு. வருடக்கணக்காக அங்கிருந்து சேலத்துக்கு உப்பு ஏற்றி வந்திருக்கிறார். கோட்டையும் கோபுரமும் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. பரங்கிப்பேட்டையில் நண்டு வறுவல் தின்றோம். ஒரு நண்டை உடைத்துத் தின்ன அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. "இத்தனை பாடுபட்டு இத்துனூண்டு கறியா? இதுக்கு ஒரு கோழிய அடிச்சிருந்தா ஊடே தின்னுருக்கும்" என்றார். நான் வேலை பார்க்கும் ஆலையில் தினமும் ஆயிரக்கணக்கில் சிங்கி இறால் வருகிறது, அதில் தரம் பார்ப்பதுதான் என் வேலை என்று சொன்னேன். "பாவஞ் சாமி நீ" என்றார்.

4

மறுநாள் தரங்கம்பாடி. கடலை ஒட்டி மஞ்சள் நிறத்தில் டேனிஷ்காரர்கள் கட்டின கோட்டை. நான் மேலே ஏறிப் பீரங்கி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கீழே கிட்டங்கி அறைகளைச் சுற்றிவிட்டு வந்தார்.

"மொளகு அடுக்கி வெச்ச எடமாம். வாசலு இத்துனூண்டு இருக்குது. பின்பக்கமா வண்டியவுட்டு ஏத்த முடியாது. அத்தனையும் தலைச்சுமை. கட்டுனவனுக்கு லோடு ஏத்தற ரோசனையே இல்ல."

நானூறு வருடக் கோட்டையைப் பற்றி இப்படி ஒரு குறையை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

அலையில் காலை நனைக்கக் கூப்பிட்டேன், வரவில்லை. செருப்பைக் கழற்றவே மாட்டேன் என்றுவிட்டார். உப்பு லோடு வண்டிக்கு உப்புதான் எமன். உப்புத் தண்ணீர் சொட்டினால் சட்டமெல்லாம் துருப்பிடிக்கும் என்று, லோடு இறக்கிய கையோடு முதல் ஏரியில் வண்டியைக் கழுவச் சொல்வாராம் முதலாளி. கடலில் கால் வைத்த டிரைவரை வண்டியில் ஏற்ற மாட்டாராம். "அந்த ஈரக் காலோட கிளச்சையும் பிரேக்கையும் மிதிச்சா என்னத்துக்கு ஆவும்?" என்றார். நாற்பது வருடம் இந்தக் கரைக்கு வந்துபோன மனுஷன் ஒரு நாள்கூடக் கடலில் கால் நனைத்ததில்லை!

"இது லாரி இல்லைங்ப்பா. முதலாளியும் இல்லை."

"மிதிக்கற காலு அதேதானே."

சாயங்காலம் கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் போய் நின்றார். சங்கரா, பாறை, கொடுவா என்று கூடை நிறைய இருந்தது.

"உசிரோட இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டது. "எது?"

"மீனுங்க."

"என்னாண்ணே கேக்குறிய? காலையில புடிச்ச மீனு எப்புடிண்ணே உசுரோட இருக்கும்? எந்த ஊரு நீங்க?"

எங்கள் ஊரில் மேட்டூர் அணை மீன், ஏரி மீன். தொட்டியில் துள்ளத் துள்ளக் காட்டி எடை போட்டால்தான் வாங்குவோம், செத்த மீனை யாரும் தொட மாட்டோம். அதைச் சொன்னதும் அந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்துக் கூடைக்காரியைக் கூப்பிட்டு, "ஏய், இந்த அண்ணனுக்கு மீனு துள்ளணுமாம், நீ கொஞ்சம் துள்ளிக் காட்டு" என்றது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். செவுளைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும் என்று அந்த அம்மா சொல்லிக்கொடுத்தது. அவர் குனிந்து, மீனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வெகுநேரம் பார்த்தார்.

"செவப்பா இருக்குதா சாமி?" என்று என்னைக் கேட்டார். செவப்பாக இருக்கிறது என்றேன். அந்த அம்மாவே ஒரு வீட்டில் சொல்லிக் குழம்பு வைத்துக் கொடுத்தது. புளிக்குழம்பு, மாங்காய் போட்டு. அப்பா மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டார். இன்றைக்குச் சொல்ல வேண்டாம், நாளைக்குச் சொல்வோம் என்று நான் படுத்துவிட்டேன்.

5

அடுத்த நாள் காலையில்தான் அது நடந்தது.

ஆறு மணி. ஊரெல்லாம் மூடுபனி. நான் ஓட்டினேன். லாட்ஜ் வாசலிலிருந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். ரோட்டைக் கடந்து அந்த ஓரத்துக்குப் போய் நிமிர வேண்டும். நான் இந்த ஓரத்திலேயே நிமிர்த்திவிட்டேன். கனடாவில் இருபது வருடம் வலப்பக்கமே ஓட்டிய கை. ஊர் விழித்திருந்தால் எதிரே வருகிற வண்டிகளைப் பார்த்துச் சுதாரித்திருப்பேன். காலி ரோட்டில் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. ஒரு பர்லாங்கு தூரம் நிம்மதியாகப் போனேன். நேர் எதிரே, விளக்குகூடப் போடாமல், பனிக்குள்ளிருந்து ஒரு பஸ் வந்தது.

ஆரன் அலறியது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் குறுக்கே போய் அந்த ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. பஸ்ஸும் நின்றது.

"ஏம்மா! சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சிதா?" டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

அப்பா ஒரு சத்தம் போடவில்லை. பஸ் வந்தபோதும் அசையவில்லை. உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, பஸ் பக்கம் போய்க் கும்பிட்டார்.

"தப்புதானுங்க தம்பி. புது டிரைவருங்க. நானும் கவனிக்கோணும், கவனிக்கல. மன்னிச்சுக்கோங்க."

டிரைவர் வயசைப் பார்த்து அடங்கிப்போனார். அப்பா திரும்பி வந்து, வழக்கம்போல நாலு டயரையும் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். "சித்த நேரம் நின்னுட்டுப் போலாம்" என்றார். அவ்வளவுதான். ஒரு திட்டு இல்லை. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். எமன் எதிரே வந்தபோதும் இமைக்காத மனுஷன்! இவரிடமிருந்து சாவியை வாங்க நான் யார்? எனக்கு வெட்கமாக இருந்தது.

நாகூரில் டீக்கு நிறுத்தினபோது செந்திலைக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு ஒண்ணும் இல்லைடா. நாந்தான் கொல்லப் பார்த்தேன். நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். "செரி, ஊட்டுக்கு வா" என்றான்.

6

வேதாரண்யம் தாண்டினதும் இரண்டு பக்கமும் உப்பளம். உப்புச் சத்தியாக்கிரகத் தூணருகே நிறுத்தி இறங்கினோம். "இங்கத்தான் நெறைய லோடு ஏத்தியிருக்கேன்" என்று அப்பா கை காட்டினார். பிறகு, "இனிக் கோடியக்கரை வரைக்கும் நான் ஓட்டறேன் சாமி" என்றார். சாவி வண்டியிலேயே இருந்தது; நான் மறுபக்கம் போய் ஏறி உட்கார்ந்தேன்.

வேகம் இருபது, இருபத்தைந்துக்கு மேல் போகவில்லை. காடு ஆரம்பித்த இடத்தில் வண்டியை நிறுத்தினார்.

"ரோட்டுல நிக்கறது ஆளா, மாடா?"

"குதிரைங்ப்பா. இங்க காட்டுக் குதிரை இருக்குது."

"குதிரையா! பாரேன்" என்றார். சிரித்தேன். குதிரை ஒதுங்கிய பிறகு போனோம்.

ரோடு கடலில் போய் முடிகிறது. படகுகள் கவிழ்த்துப் போட்ட மணல்வெளிக்கு முன்னால் நிறுத்தினார். வண்டியை அணைத்தார். இறங்கவில்லை.

"உன்ர தம்பி சொல்லித்தானே வந்தே?"

நான் கவிழ்ந்து கிடந்த படகுகளைப் பார்த்தேன்.

"ரெண்டு நாளா உன்ர மூஞ்சியப் பாக்கறேன். சொல்ல வாரே, முழுங்கறே. காலைல பஸ்ஸு வந்துதில்ல?"

"அதுக்கப்பறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு உங்ககிட்டச் சொல்றதுங்ப்பா? நீங்க கல்லாட்டம் உக்காந்திருந்தீங்க."

"கல்லாட்டம் இல்ல சாமி. நான் பஸ்ஸயே பாக்கல."

எனக்குப் புரியவில்லை.

"ஆரன் சத்தங் கேட்டுத்தான் பஸ்ஸுன்னே தெரிஞ்சுது. அதுக்குள்ள நீ ஒடிச்சிட்டே. நீ எந்தப் பக்கம் போறேன்னுகூட எனக்குத் தெரியல. ரோட்டுக் கோடே தெரியல. நீ பக்கம் மாறிப் போனே, ஆனா கண்ணால பாத்தே, ஒடிச்சே. அந்த ஸ்கூட்டிப் புள்ளைய நான் பாக்கவே இல்ல. உழுந்த சத்தங் கேட்டுத்தான் நிறுத்துனேன். குறுக்க வந்துச்சுன்னு சொன்னனே, அது பொய்யி. அந்தப் புள்ளைக்கு நம்ம நிலா வயசுதான் இருக்கும்."

அவர் குரல் ஆடவில்லை.

சாவியை உருவினார். இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். என் வலது கையை எடுத்து விரித்து, அதில் சாவியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"ஊட்டுக்குப் போனதும் செந்திலுகிட்டக் குடுத்துரு. கையில குடு."

பிறகு செருப்பைக் கழற்றிக் கார் ஓரமாக வைத்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டார்.

"இனி என்ன, மிதிக்கப் போறதில்ல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தார். அலை வந்து முழங்காலை அடித்தது. "ஐயோ, சில்லுன்னு இருக்குது சாமி, வா!" என்று கூப்பிட்டார். நான் காரிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் போனேன்.

தஞ்சாவூர், திருச்சி வழியாக வீடு திரும்பினோம். ஒவ்வொரு தடவை நிறுத்திக் கிளம்பும்போதும், "பீச்சாங்கைப் பக்கம் சாமி, பீச்சாங்கைப் பக்கம்" என்று சொன்னார். டயரைத் தட்டவில்லை. திருச்சி தாண்டித் தூங்கிப்போனார். ஓடுகிற வண்டியில் முன் சீட்டில் அப்பா தூங்கி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

7

சனிக்கிழமை பரீட்சை முடிந்து வீட்டுக்கு நிலாதான் ஓட்டினாள். என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து எனக்குக் கால் வலித்துப்போயிற்று. வந்ததும் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டோம். நிலா காகிதத்தைக் காட்டினாள். "அப்புச்சி, நான் பாஸ்!" என்று தமிழிலேயே சொன்னாள். அவர் திரையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பாஸாயிட்டியா சாமி! அங்க சோத்தாங்கைப் பக்கந்தானே? ஞாபகமிருக்கட்டும்."

இவள் புரட்டாசியில் வேறு ஊருக்குப் படிக்கப் போகிறாள். இரண்டு மணி நேரப் பயணம். கார் வேண்டும் என்று இப்போதே சொல்கிறாள். சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிட்டாள். அப்பா திரையிலேயே இருந்தார்.

"சாவிய அவ கையில குடுத்துட்டியா?" என்று கேட்டார்.

"இல்லீங்ப்பா. வண்டியிலதான் வெச்சேன்."

"அதான் செரி" என்றார். "நீ இன்னும் ரொம்ப நாளைக்கு ஓட்டோணும்."